பழைய செய்தித்தாளில் 'கண்டக்டர்': மலாயா போன முன்னோரைத் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் அப்பாயியின் அப்பா மலாயாவில் கண்டக்டர். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். "எங்கப்பாரு பினாங்குல கண்டக்டரா இருந்தாரு" என்று அப்பாயி சொல்லும்போதெல்லாம் தோளில் பையும் கையில் டிக்கெட் கட்டுமாக ஒருவர்தான் எனக்குத் தெரிந்தார். அதை நம்பி, இணையத்தில் கிடைக்கும் பழைய சிங்கப்பூர், பினாங்குச் செய்தித்தாள்களில் ஐந்து மாதம் டிராம் செய்தியும் பஸ் செய்தியுமாகப் படித்தேன். அவர் இரண்டிலும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்தார். அங்கே கண்டக்டர் என்றால் வேறு வேலை: தொழிலாளரை மேற்பார்ப்பது.

பிறகு அதே தேடலைக் கீழே உள்ள வரிசையில் செய்தபோது நாலு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. உங்கள் வீட்டிலும் "கண்டக்டர்", "டிரெஸ்ஸர்", "ரைட்டர்" என்று ஒற்றைச் சொல்லாக ஒரு தாத்தா நினைவில் இருந்தால், என்னைப் போல் மாதக்கணக்கில் அலைய வேண்டாம்.

1. முதலில் வீட்டுக் காகிதங்கள்

இரண்டு விஷயம் தெரியாமல் தேடலைத் தொடங்காதீர்கள்: ஊர், ஆண்டு. ஆண்டு துல்லியமாக வேண்டியதில்லை, பத்தாண்டு வட்டம் போதும். ஊர் மட்டும் கட்டாயம் வேண்டும்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கடித உறை. உள்ளே கடிதம் இல்லை. தபால்தலை பாதி கிழிந்திருந்தது, மேலே வட்ட முத்திரை. செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் முத்திரையின் வளைவில் 'ஆன்சன்' என்று முடிகிற ஆங்கில எழுத்துகள், நடுவில் 34. அதாவது 1934, டெலுக் ஆன்சன். பேராக் மாநிலத்தில் இருக்கிறது, பினாங்கில் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்களுக்குப் பினாங்குதான் முதல் துறைமுகம் என்பதால், மலாயா முழுவதையுமே பினாங்கு என்று சொல்வது நம் ஊர்ப் பக்கத்துப் பழக்கம். அதை அப்படியே எடுத்துக்கொண்டு பினாங்குத் தீவுக்குள்ளேயே தேடினேன். ஐந்து மாதத்தில் பாதி அதில் போயிற்று.

தேட வேண்டியவை: கடித உறை, மணியார்டர் துண்டு, புகைப்படத்தின் பின்பக்கம் (ஸ்டூடியோவின் முத்திரையில் ஊர் இருக்கும்), பழைய பாஸ்போர்ட். பலர் மறந்துவிடுவது நிலப் பத்திரத்தை. மலாயாப் பணத்தில் வாங்கிய நிலமென்றால் பத்திரத்தில் வாங்கியவரின் தொழிலும் இருப்பிடமும் எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. மூலப்பத்திரம் கையில் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து சான்றிட்ட நகல் வாங்கலாம். அவ்வளவு பழைய ஆண்டுகளுக்கு இணையத்தில் வில்லங்கம் கிடைக்காமல் போகலாம், அப்படியென்றால் நேரில்தான் போக வேண்டும். தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் ஏறும். எனவே "1930 முதல் 1960 வரை" என்று எழுதிக் கொடுக்காமல், முதலில் சிட்டாவையும் குடும்பத்தாரின் நினைவையும் வைத்து நாலைந்து ஆண்டுக்குள் குறுக்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு நகல் கைக்கு வர இரண்டு வாரம் ஆனது.

ஊர்ப்பெயர் இன்று மாறியிருக்கும். செய்தித்தாளில் பழைய பெயர்தான் வரும். இன்றைய தெலுக் இந்தான் அன்று டெலுக் ஆன்சன். போர்ட் கிள்ளான் அன்று போர்ட் ஸ்வெட்டன்ஹாம். செபராங் பிறை அன்று புரொவின்ஸ் வெல்லெஸ்லி. இதைத் தாளில் எழுதி எதிரே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

2. பெரியவர்களிடம் வேலையின் பெயரைக் கேட்டு நிறுத்தாதீர்கள்

"தாத்தா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டால் கண்டக்டர் என்றுதான் பதில் வரும். "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவார்? என்ன உடுத்துவார்? எதில் போவார்? யாருக்குக் கணக்கு ஒப்படைப்பார்? வீடு எங்கே இருந்தது?" என்று கேளுங்கள்.

அப்பாயி 1941-இல், ஏழு வயதில் அம்மாவோடு ஊர் திரும்பியவர். நான் இந்தக் கேள்விகளைக் கேட்டது ஐந்து மாதம் கழித்துத்தான். அவர் யோசிக்கவே இல்லை. "விடியறதுக்கு முன்னாடி லாந்தர் எடுத்துக்கிட்டுப் பெரட்டுக்குப் போவாரு. காக்கி அரைக்கால் சட்டை, தலையில தொப்பி. அப்புறம் சைக்கிள். பொழுது சாய துரை ஆபீசுல செக்ரோல் கொடுத்துட்டு வருவாரு." பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிகாலையில் ஆள் எண்ணிப் பேர் போடும் இடம். செக்ரோல் என்றால் ஆள்கணக்குப் பேரேடு. பஸ் கண்டக்டருக்கு இரண்டும் கிடையாது. முதல் வாரமே கேட்டிருந்தால் அப்போதே விளங்கியிருக்கும். இந்தக் கேள்விகளை இன்றைக்கே கேளுங்கள். செய்தித்தாள் அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். சொல்கிறவர்களுக்குத் தொண்ணூறு வயது.

3. சொல்லின் எல்லாப் பொருளையும் ஒரு தாளில் எழுதுங்கள்

இதைச் செய்யாமல் தேடல் பெட்டியில் 'கண்டக்டர்' என்று அடித்தால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். எதை ஒதுக்குவது என்று தெரியாது. நான் எழுதிவைத்த தாளில் உள்ளவை இவை.

தோட்டக் கண்டக்டர்: நமக்கு வேண்டியவர். துரைக்கும் (தோட்ட மேனேஜர்) சின்னத்துரைக்கும் (உதவி மேனேஜர்) கீழே, ஆட்களை நேரடியாக வேலை வாங்கும் மண்டோருக்கும் கங்காணிக்கும் மேலே. வெளிக்காட்டு வேலையை நேரில் நின்று பார்ப்பவர். பெரிய தோட்டங்களில் ஒரு டிவிஷன் (தோட்டத்தின் ஒரு பிரிவு) முழுவதும் இவர் பொறுப்பில் இருக்கும். மலாயாத் தமிழர் பேச்சில் கிராணி என்ற சொல்லுக்குள் ஆபீஸ் குமாஸ்தாவோடு இவரும் சில நேரம் சேர்ந்துவிடுவார். ஆகவே வீட்டில் "கிராணி" என்று சொன்னாலும் இந்தச் சொல்லையும் தேடிப் பாருங்கள். இலங்கை மலையகத்தில் இவர் கண்டாக்கையா. இந்த வேலையில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் நிறைய இருந்தார்கள், பெயர்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

டிராம், பஸ் கண்டக்டர்: சிங்கப்பூரில் மின்சார டிராம் 1905 முதல் 1927 வரை ஓடியது. அதற்கு முன் நீராவி டிராம் 1886 முதல் 1894 வரை. டிராலி பஸ் 1926-இல் வந்தது. சென்னையில் மின்சார டிராம் 1895-இல் தொடங்கி 1953 வரை ஓடியது. இந்த ஆண்டுகள் நல்ல சல்லடை. 1900-ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்ச் செய்தியில் கண்டக்டர் வந்தால் அவர் உள்ளூர் டிராம்காரராக இருக்க முடியாது.

ரயில் கண்டக்டர்: அமெரிக்கச் செய்தி என்றால் ரயிலுக்கே பொறுப்பாளர் இவர். அதே வேலைக்கு அன்று இங்கிலாந்திலும் நம் ஊரிலும் 'கார்டு' என்று பெயர். மலாயா நாளிதழ்கள் வெளிநாட்டுத் தந்திச் செய்திகளையும் போடும், அதனால் சிகாகோ ரயில் கொள்ளை உங்கள் பட்டியலுக்குள் வந்துவிடும். அமெரிக்க அடிமைகளை வடக்கே தப்புவித்த ரகசிய வழியில் அழைத்துச் சென்றவர்களுக்கும் கண்டக்டர் என்றே பெயர். ஹாரியட் டப்மன் அப்படிப்பட்டவர்.

பட்டாளத்துக் கண்டக்டர்: சென்னைப் பக்கத்துப் பழைய செய்திகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். ஆயுதக் கிடங்கு, தளவாடப் பிரிவுகளில் இது ஒரு பதவி. பிரிட்டிஷ் படையில் 1879-இல் இதை வாரன்ட் அதிகாரி என்ற நிலைக்கு உயர்த்தினார்கள். இதற்குக் கீழே 'சப்-கண்டக்டர்' உண்டு. பெரும்பாலும் ஐரோப்பியப் பெயராக இருக்கும், பக்கத்தில் 'ஆர்ட்னன்ஸ்' அல்லது 'கமிசாரியட்' என்று வரும். பார்த்தவுடன் தள்ளிவிடலாம்.

இசைக்குழுவை நடத்துபவர்: 1930-களில் வானொலி நிகழ்ச்சி நிரலை நாளிதழ்கள் தினமும் அச்சிட்டன. ஒவ்வொரு இசைக்குழுவின் கீழும் இந்தச் சொல் இருக்கும். எனக்கு வந்த முடிவுகளில் பெரும்பங்கு இதுதான்.

இடிதாங்கி, மின்கம்பி: 'லைட்னிங்' சேர்ந்து வந்தால் கோபுரத்து இடிதாங்கி. செம்பு, கேபிள், டெண்டர் சேர்ந்து வந்தால் மின்கடத்தி.

பத்திரிகை நடத்துபவர்: இது 19-ஆம் நூற்றாண்டு வழக்கு. ஆசிரியரையே அப்படிச் சொல்வார்கள். 1850-இல் தொடங்கிய தன் வார இதழின் முகப்பில் சார்லஸ் டிக்கன்ஸ் ஆசிரியர் என்று போட்டுக்கொள்ளவில்லை, "நடத்துபவர்" என்ற பொருளில் இதே சொல்லின் வினையைத்தான் போட்டார். 1880-க்கு முந்திய செய்தி என்றால் இதையும் மனதில் வையுங்கள்.

4. காசு செலவழிக்கும் முன் இலவசமாகக் கிடைப்பதை முடியுங்கள்

மலாயாவுக்கு முதல் இடம் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற இணையதளம். 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ், 1914-இல் தொடங்கிய மலாயா டிரிபியூன், பினாங்கின் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ எல்லாம் அங்கே உண்டு. நம் முன்னோர் காலத்து இதழ்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். பிற்கால இதழ்கள் சிலவற்றைத்தான் நூலகத்துக் கணினியில் மட்டும் பார்க்க முடியும். தமிழ் முரசும் அங்கே இருக்கிறது. ஆனால் பழைய தமிழ் அச்சைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. அதற்குத் தேதியைக் கண்டுபிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் டிரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா மூன்றும் இலவசம். மலாயாத் தேடலுக்கு இவற்றில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவில் தேடுவதற்குக் காசில்லை, பக்கத்தைத் திறந்து படிக்கத்தான் சந்தா (பதிவு செய்தால் போதும் என்ற இலவசப் பக்கங்களும் உண்டு). முதலில் இலவசமாகத் தேடி, முடிவுகளில் தெரியும் துண்டு வரிகளையும் தேதியையும் ஒரு நோட்டில் குறியுங்கள். இருபது முப்பது சேர்ந்த பிறகு ஒரே ஒரு மாதச் சந்தா எடுத்து, ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். லண்டனில் உறவினர் இருந்தால் அதுவும் வேண்டாம். பிரிட்டிஷ் நூலகத்தின் வாசகசாலைக்குள் அதை இலவசமாகப் பார்க்கலாம்.

சந்தா எடுத்த அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள். ஒரு குடும்ப வரலாற்றுத் தளத்தில் நான் இதைச் செய்யாமல் விட்டு, தொடவே தொடாத மூன்று மாதத்துக்குப் பணம் போயிற்று.

5. பக்கத்துச் சொற்களோடு சேர்த்துத் தேடுங்கள்

தனிச் சொல்லாகத் தேடவே வேண்டாம். தோட்டத்தில் மட்டும் வழங்கும் சொல் ஒன்றைக் கூட்டுங்கள்: ரப்பர், மண்டோர், மஸ்டர் (பெரட்டு), டாப்பிங் (பால்வெட்டு), கூலி. ஆங்கில நாளிதழ்கள் தொழிலாளரைக் கூலி என்றுதான் எழுதின. படிக்க மனம் கசக்கும், ஆனாலும் அந்தச் சொல்லைப் போடாமல் செய்தி வராது.

'எஸ்டேட்' என்ற சொல்லைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இறந்தவரின் சொத்துக்கும் அதே சொல்தான். "இன்னார் எஸ்டேட்டுக்குக் கடன்பட்டவர்கள்" என்ற வக்கீல் அறிவிப்புகள் வரிசையாக வந்தன. 'ரப்பர் எஸ்டேட்' என்று மேற்கோள் குறிக்குள் போட்ட பிறகுதான் பட்டியல் அடங்கியது. அதுபோலவே 'லைன்ஸ்' என்று செய்தியில் வந்தால் ரயில் பாதை என்று கடந்துவிடாதீர்கள். அதுதான் நம் லயம், தொழிலாளர் வரிசை வீடு.

ஆண்டு வட்டத்தைப் போடுங்கள். பிறகு விளம்பரம், செய்தி இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். முதலில் விளம்பரம். "தேவை" விளம்பரத்தில் வரும் கண்டக்டர் யார் என்பதில் குழப்பமே இருக்காது, ஏனென்றால் என்ன வேலை, என்ன மொழி தெரிய வேண்டும், எந்தத் தோட்டம் என்று அதிலேயே இருக்கும். அந்தத் தோட்டப் பெயர்களை எழுதிக்கொண்டு, உங்கள் ஊரைச் சுற்றி உள்ளவற்றை மட்டும் எடுத்து, அடுத்த சுற்றில் தோட்டப் பெயரோடு 'கண்டக்டர்' சேர்த்துத் தேடுங்கள். எனக்கு வழி திறந்தது இங்கேதான்.

6. பெயரும் எழுத்துப் பிழையும்

முன்னோர் பெயரை நீங்கள் எழுதும் ஆங்கில எழுத்தில் தேடினால் கிடைக்காது. 'சாமி' ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்-ஏ-எம்-ஐ, எஸ்-ஏ-எம்-ஒய், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய், எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று ஒரே ஆளுக்கு ஒரே வருடத்தில் வெவ்வேறாக அச்சாகும். முதல் எழுத்து சில நேரம் விடுபடும், சில நேரம் தந்தை பெயரே இவர் பெயராகிவிடும். பெயரால் மட்டும் தேடுவதைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர், தோட்டம், வேலை மூன்றும் பொருந்திய செய்திகளுக்குள் பெயரைக் கண்ணால் தேடுவது வேகமானது.

கணினி படித்த எழுத்தில் இன்னும் இரண்டு பிழை அடிக்கடி வரும். ஆங்கில 'சி' எழுத்தை ஆங்கில 'ஈ' என்று படித்துவிடும், ஆகவே 'கண்டக்டர்' என்பதன் முதல் எழுத்தை 'ஈ' ஆக்கி ஒரு தடவை தேடுங்கள், நடுவில் உள்ள 'சி'யை மாற்றி இன்னொரு தடவை. வரி முடிவில் சொல் உடைந்து 'டக்டர்' பகுதி அடுத்த வரிக்குப் போயிருந்தால் முழுச் சொல்லாகத் தேடும்போது அகப்படாமல் போகலாம். தோட்டப் பெயரைத் தனியாகத் தேடுவதும் அவசியம் என்பது அதனால்தான்.

7. தேதியைச் சரிபாருங்கள்

செய்திக்குள் "12-ஆம் இன்ஸ்டன்ட்" என்றால் அதே மாதம் 12. 'அல்டிமோ' என்றால் போன மாதம். 'ப்ராக்சிமோ' என்றால் வரும் மாதம். இவை சுருக்கமாக நாலைந்து எழுத்தில்தான் இருக்கும். மாதத் தொடக்கத்து இதழில் 'அல்டிமோ' வந்தால் உண்மையான தேதி முந்திய மாதத்தில் இருக்கும். இதைக் கவனிக்காமல் ஒரு வழக்கின் அடுத்த விசாரணையைத் தவறான மாதத்தில் தேடினேன். உள்ளூர் நாளிதழில் வந்ததைச் சிங்கப்பூர் நாளிதழ் சில நாள் கழித்து எடுத்துப் போடுவதும் உண்டு, எனவே "நேற்று" என்பது எந்த நாளிதழின் நேற்று என்று பார்க்க வேண்டும்.

8. கிடைக்கும் செய்தி நல்ல செய்தியாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்

தோட்டக் கண்டக்டர்கள் செய்தியில் வருவது பெரும்பாலும் நீதிமன்றப் பத்தியில். திருட்டு வழக்கில் சாட்சி, ஆள்கணக்கில் பொய்ப் பெயர் எழுதியதாகக் குற்றச்சாட்டு, தொழிலாளியை அடித்ததாகப் புகார், தொழிலாளியிடம் அடிவாங்கியதாகப் புகார். நம் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்பதைத் தெரிந்துகொள்ளும் தைரியத்தோடு படியுங்கள்.

1941-இல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில், ஐரோப்பியத் துரைமாரும் ஆசிய ஊழியர்களும் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. கொடுமை செய்யும் ஆசிய ஊழியர்களை நீக்கித் தமிழ் பேசுகிறவர்களை வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. அந்த ஆசிய ஊழியர் என்ற சொல்லுக்குள் கண்டக்டரும் அடக்கம். அப்பாயி பெருமையோடு சொன்ன அந்தச் சைக்கிளுக்கு எதிரே எத்தனை பேர் இறங்கி நின்றார்களோ என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தாத்தா நல்லவரா கெட்டவரா என்று ஒரு செய்தியும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பக்கத்தையும் சேர்த்துக் குடும்பத்தில் எழுதிவைப்பதுதான் முறை என்று நினைக்கிறேன், அதையே செய்தும் இருக்கிறேன்.

9. வேறு சொல்லாக இருந்தால்

இதே வரிசைதான், 3-ஆம் படியில் உள்ள தாள் மட்டும் மாறும். 'டிரெஸ்ஸர்' என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடுபவர், அதே சொல் கண்ணாடி வைத்த மேசைக்கும் உண்டு. 'ரைட்டர்' கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இளநிலை எழுத்தர், நம் காவல் நிலையங்களில் இன்றும் அந்த வேலை இருக்கிறது. 'பாய்' என்று வந்தால் சிறுவன் என்று முடிவு கட்டாதீர்கள், நாற்பது வயது வீட்டு வேலைக்காரரையும் அப்படித்தான் எழுதினார்கள். சென்னைச் செய்தியில் 'டேங்க்' உடைந்தது என்றால் ஏரி உடைந்தது. போர் வண்டிக்கான அந்தப் பெயர் செய்தித்தாளில் வந்தது 1916-இல்தான்.

10. கிடைத்ததைச் சேமிக்கும் முறை

படத்தை மட்டும் இறக்கினால் ஆறு மாதம் கழித்து எந்த இதழ் என்று தெரியாது. நாளிதழ் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். துண்டுச் செய்தியோடு முழுப் பக்கத்தையும் இறக்குங்கள், அருகிலுள்ள பத்தியில் அதே தோட்டத்தைப் பற்றி இன்னொன்று இருக்கும். சொல்லின் எந்தப் பொருள், எதை வைத்து அப்படி முடிவு செய்தீர்கள் என்று ஒரு வரி கீழே எழுதிவிடுங்கள். என் குறிப்பில் "ஷீட், புகைக்கூடம், டிவிஷன் மூன்றும் வருகின்றன, தோட்டக் கண்டக்டர்" என்று இருக்கிறது.

அந்தச் செய்தி ஒன்பது வரி. ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்திலிருந்து ஷீட் திருடு போன வழக்கு. சாட்சி சொன்ன கண்டக்டரின் பெயர் எங்கள் தாத்தாவின் பெயர், ஓர் எழுத்து மாறி. பத்திரத்தில் இருந்த தோட்டத்தின் பெயரும் செய்தியில் இருந்த தோட்டத்தின் பெயரும் ஒன்று. பெரிய எழுத்தில் தமிழாக்கி அச்செடுத்துக் கொண்டுபோய் அப்பாயியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "புகைக்கூடம் எங்க வீட்டுக்குப் பின்னாலதான். வாடை துணியிலெல்லாம் ஏறும்" என்றார். அதையும் தேதி போட்டு அந்த அச்சுத்தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.